தொட்டில் ரூமுக்கு ஒரு நன்றியுரை

நவம்பர் 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. மாடிக் கொடியில் போட்டது போட்டபடி.

முதலில் ஒரு திருத்தம். நான் "முன்னாள் மாணவரின் மனைவி" அல்ல. முன்னாள் மாணவி நான்தான். என் கணவர் பத்தாம் வகுப்போடு நின்றவர். அதைச் சொல்ல அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. கோயமுத்தூர் மேலாண்மைக் கல்லூரியின் மாலை வகுப்பில் சேர்ந்தது நான். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தது நான். அவர் செய்தது, கடைசி பஸ் வரும்வரை பஸ் ஸ்டாண்டில் மோட்டார் சைக்கிளோடு நின்றது. அதற்கும் ஒரு பட்டம் உண்டென்றால் தாராளமாக அவருக்குக் கொடுக்கலாம்.

இரண்டாவது திருத்தம். எங்கள் பனியன் கம்பெனியை நடத்தத் தெரியாமல் நான் விற்கவில்லை. அவர் இறந்த அடுத்த வருடம் பங்காளிகள் பிரித்துக் கேட்டார்கள். நான் ஒருத்தி மட்டும் வேண்டாம் என்றேன். வாங்கியவன் சென்னியப்பன், என்னோடு அதே வகுப்பில் படித்தவன். "நொடிச்சுப் போன கம்பெனியை எடுத்து அந்தம்மாவைக் காப்பாத்துனாரு" என்று ஊர் முழுக்கப் பேச்சு. கிளப்பிவிட்டவன் அவனே. விற்ற மாதம்கூட எங்கள் கம்பெனியில் ஒரு ஷிப்மென்ட் தவறவில்லை.

(இந்தக் குறிப்பில் மட்டும்தான் "அவன்". நேரில் வாங்க, போங்க. இனி செ.)

இன்று இதை எழுதக் காரணம், தபாலில் வந்த அழைப்பிதழ். கல்லூரியின் முன்னாள் மாணவர் இரவு விருந்து, வெள்ளி மாலை, அவிநாசி ரோட்டு ஓட்டல். பேசுபொருள்: பொறுப்புள்ள பொருளாதார வளர்ச்சி. தலைமை: செ. உறையின் மேல், "திருமதி நாச்சிமுத்து, முன்னாள் மாணவரின் துணைவியார்". எனக்குக் கமலவேணி என்று ஒரு பெயர் இருக்கிறது. கல்லூரியின் பழைய குரூப் போட்டோவில் முதல் வரிசையில், மடியில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். செ. பின்வரிசையில், கண்ணை மூடியபடி.

பகல் செயலாளர் போன். கார்த்தி என்ற பையன், நல்ல மரியாதை.

"ஏனுங்கம்மா, நன்றியுரை மட்டும் நீங்க சொல்லிடுங்க. ரெண்டே நிமிஷமுங்க. சேர்மன்தானுங்க உங்க பேரைச் சொன்னாரு. அக்கா பாவம், தனியா ஒரு மூலைல இருக்கறாங்க, கூட்டியாந்து உக்கார வைங்கன்னாருங்க."

பாவம்.

நன்றியுரை என்பது எல்லாரும் நாற்காலியைப் பின்னால் தள்ளி, சாப்பாட்டு ஹாலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம். அதைக் கேட்பவர் மைக்காரர் ஒருவர்தான். உடனே சரி என்றேன். கார்த்திக்கே ஆச்சரியம்.

கேஸ் புக் செய்ய வேண்டும். பிரஷர் மாத்திரை தீரப்போகிறது. பட்டு பிளவுஸில் ஒரு கொக்கி இல்லை.

மாலை மணி நாலு. பின்பக்கம் நான் வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீட்டில் மெர்சி பாடிக்கொண்டிருக்கிறாள். டி.வி.யில் வரும் பாட்டை அதோடு சேர்ந்து. கதவுக்கு வெளியே பூட்டு. மூன்று வயதுக் குழந்தை.


நவம்பர் 12, புதன்

வெயில் வந்துவிட்டது. போர்வை எல்லாம் மாடியில்.

மெர்சியின் அம்மா ஜெயராணி என் லைன் வீட்டில் குடியிருப்பவள். நாங்குநேரிப் பக்கம். புருஷன் கேரளாவில் கட்டட வேலை. வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. செ.யின் கம்பெனியில், அதாவது என் பழைய கம்பெனியில், தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங்கில் இருக்கிறாள். முன்பு பக்கத்து அறை பீகார்ப் பெண் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். அவளும் இப்போது வேலைக்குப் போகிறாள். அதனால் பூட்டு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஜெயராணி ஓடி வந்து ஊட்டிவிட்டு ஓடுகிறாள்.

குழந்தையைப் பகலில் இங்கே வைத்துக்கொள்ளலாமே என்று சமையல்கார அமுதா சொன்னாள். "நீங்க சும்மாதானுங்க இருக்கறீங்க."

நான் சும்மா இல்லை. அது வேறு விஷயம். செ. செய்ய வேண்டியதை நான் ஏன் செய்ய வேண்டும்? நான் செய்தால் அவன் வேலை இன்னும் சுலபமாகிவிடும்.

காலையில் தண்ணீர் பிடிக்க வந்தவளிடம் கேட்டேன், கம்பெனியில்தான் தொட்டில் ரூம் இருக்கிறதே, அங்கே விடக் கூடாதா என்று. சிரித்தாள்.

"அது ஆடிட்டுக்கு மட்டுந்தாம்மா தொறப்பாங்க. சாவி ஹெச்.ஆர். கிட்ட. ஆர்டர் குடுக்குத கம்பெனிலேருந்து ஆடிட்காரங்க வந்தா, ஆபீஸ்ல டீ போடுத அக்காவ ஆயான்னு உக்கார வச்சிருவாங்க. மரக்குதிர ஒண்ணு இருக்கு, அதுக்கு மாட்டுன பிளாஸ்டிக் கவரக்கூட எடுக்கல. அழுக்காயிருமாம்."

அப்போது குழந்தைகள்? எங்கிருந்தாவது கூட்டி வருவார்களாம். யார் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லையாம்.

மத்தியானம் சாப்பிட்டதும் இஞ்சிச் சாறு குடித்தேன்.

அந்த அறையைக் கட்டியது நான். கட்டிங் டேபிளுக்கு இடம் போதவில்லை என்று எல்லாரும் சொன்னபோது, கிழக்குப் பக்க ஜன்னல் அறையைப் பிடிவாதமாக ஒதுக்கினேன். உத்தரத்தில் கொக்கிகள், பழைய சேலைத் தொட்டில்கள், ஒரு பால் அடுப்பு. பெண்கள்தான் அதற்குத் தொட்டில் ரூம் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்தில் செ. ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும், "ஏனுங்கக்கா, பனியன் கம்பெனி நடத்தறீங்களா, பால்வாடி நடத்தறீங்களா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் கொஞ்சம்.

விற்கும்போது என் வீட்டுக் கூடத்தில், என் காப்பியைக் குடித்துக்கொண்டு சொன்னான்: "தொட்டில் ரூம் அப்படியே இருக்குமுங்கக்கா. அது உங்க பேராச்சுங்களே." பத்திரத்தில் அந்த வரி கிடையாது. சாட்சி, காலி டம்ளர்.


நவம்பர் 13, வியாழன்

மேகமூட்டம். கொசு.

நன்றியுரை தயார். ஒரே பக்கம். குன்னூர் கான்வென்ட்டில் சிஸ்டர் நன்றியுரைக்குத் தனியாகப் பயிற்சி கொடுப்பார். நிமிர்ந்து நில், பெயர்களைத் தவறாகச் சொல்லாதே, செய்யாத காரியத்துக்கு ஒருவருக்கும் நன்றி சொல்லாதே. மூன்றாவது விதியை நாளை மீறப்போகிறேன். தெரிந்தே. ஒருவன் செய்யாத காரியத்துக்கு நூறு பேர் முன்னால் நன்றி சொன்னால், அதை அவன் செய்துதான் ஆக வேண்டும்.

கார்த்தியிடம் நிகழ்ச்சி விவரம் கேட்டு வாங்கினேன். செ.யின் கம்பெனி பற்றி ஒரு குறும்படம் உண்டாம். அதில் "கிரீச்", அதாவது தொட்டில் ரூம், வருகிறதாம். மிக நல்லது. பெங்களூர் பையிங் ஆபீஸிலிருந்து வர்ஷா என்ற பெண் சிறப்பு விருந்தினராம்; செ.க்கு ஆர்டர் கொடுப்பவள் அவள்தானாம். அதைவிட நல்லது.

சாயங்காலம் ஜெயராணியைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். சனிக்கிழமை காலை நான் அந்த அறையில் இருப்பேன், வெளி ஆட்களும் இருப்பார்கள். நீ மெர்சியைக் கூட்டி வந்து ஆயா கையில் கொடுத்துவிட்டு, உன் லைனுக்குப் போ. வேறு எதுவும் பேச வேண்டாம். கேட்கவும் வேண்டாம். உன் பிள்ளைக்கு உரிமையான இடம்.

முந்தானை நுனியைச் சுருட்டினாள்.

"எம்மா, ஒங்களுக்கு அவுகளோட பழைய கணக்கு இருக்கும். எனக்கு வேல இருக்கு. வேலைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?"

சுருக்கென்றது. புத்திசாலிப் பெண். ஆகாது, அது என் பொறுப்பு என்றேன். வேண்டாம் என்றால் வேண்டாம், நான் வேறு வழி பார்க்கிறேன் என்றும் சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன். வேறு வழி ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் முன்பு மெர்சி ஸ்டவ் பக்கத்தில் தீப்பெட்டி வைத்து விளையாடியதாகச் சொன்னாள். பிறகு, "கூட்டிட்டு வாரேன்" என்றாள்.

சிங்கப்பூரிலிருந்து மகன் போன். விருந்து பற்றிச் சொன்னேன், மற்றதைச் சொல்லவில்லை. ஆனாலும் அவனுக்கு என் குரல் தெரியும். "அம்மா, விட்டுத் தொலைங்கம்மா." எதை என்று கேட்டேன். பேச்சை மழைக்கு மாற்றினான். அவன் அப்பாவைப் போல.

மாம்பழ மஞ்சள் சேலை கட்டலாமா? இல்லை. வெள்ளையில் கருநீலக் கரை.


நவம்பர் 14, வெள்ளி

கொக்கி தைத்தாயிற்று. கண்ணாடி துடைத்தாயிற்று. கார் ஐந்தரைக்கு.

மனம் பரீட்சைக்குப் போவது போல. நல்ல பரீட்சை.


நவம்பர் 15, சனி, காலை

ஐந்து மணிக்கே விழிப்பு. காப்பி. எட்டரைக்குள் எழுதிவிட வேண்டும்.

நேற்றைய விருந்து. வாசலில் சந்தனம், ரோஜா, ஒரு துணிப்பை. பையில் மரக்கன்று, பழைய பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து செய்த டீ ஷர்ட். என் மார்பில் குத்தக் கொடுத்த அட்டையில் "துணைவியார்". பேனா வாங்கி அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். கார்த்திக்கு முகம் சிவந்துவிட்டது. பாவம் அவன், இந்த வார்த்தையை நான் சரியான ஆளுக்குப் போடுகிறேன்.

மேடையில் நான்கு பேர் பொறுப்புள்ள வளர்ச்சி பற்றி, வார்த்தைக்கு வார்த்தை இ.எஸ்.ஜி. என்று சொல்லி, பேசினார்கள். காற்றாலை. சாயத் தண்ணீர் மறுசுழற்சி. மரம். ஒருவர் மரம் பற்றி மட்டுமே பேசினார், இலை இலையாக. தையல் மெஷினில் உட்காரும் மனிதர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் வரிசையில் தாராபுரத்து ராமசாமி, அவரும் எங்கள் வகுப்பு. பக்கத்து ஆளிடம், "இ.எஸ்.ஐ. கட்டுறது போதாதுன்னு இப்ப இ.எஸ்.ஜி. வேறயாமுங்க. அதுக்கு எந்த ஆபீஸுக்குப் போறதுங்க?" என்றார். பக்கத்து ஆள் ஊத்துக்குளி நெய் ஊற்றிய தோசை வாசனையிலேயே கண்ணாக இருந்தார்.

பிறகு படம். முதல் காட்சியில் ஒரு இடிந்த ஷெட், புல் முளைத்த கூரை. எங்கள் கம்பெனி என்று போட்டான். அந்த ஷெட் எங்களுடையதே இல்லை, யாருடையதோ. செ.யின் குரல்: கணவரை இழந்து, நடத்த முடியாமல் தவித்த ஒரு பெரியம்மாவிடமிருந்து மனிதாபிமானத்தோடு இதை எடுத்தேன். அடுத்தது தொட்டில் ரூம். என் ஜன்னல், என் கொக்கிகள். "நான் வந்ததும் முதலில் தொடங்கியது இது." கைதட்டல். பொறுப்புள்ள நிறுவனம் என்று அவனுக்கு ஒரு கேடயமும். என்னைச் சுற்றியிருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்து, கனிவாக, தலையாட்டினார்கள்.

கைப்பையைத் திறந்து நன்றியுரைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன்.

கடைசியாக நான். நாற்காலிகள் நகரும் சத்தம். ஆங்கிலத்தில் தொடங்கினேன், அந்த உச்சரிப்பு இந்த ஊரில் இப்போது யாரிடமும் இல்லை, திரும்பிப் பார்த்தார்கள். பேச்சாளர்களுக்கு, ஓட்டலுக்கு, கார்த்திக்கு, மைக்காரருக்கு நன்றி. பிறகு தமிழுக்கு மாறினேன். புரியவில்லை என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது.

"சேர்மன் படத்துல காட்டுன தொட்டில் ரூமை நம்மள்ல பலரும் பார்த்ததில்லைங்க. நாளைக்குக் காலைல எட்டரைக்கு, ஷிஃப்ட் ஆரம்பிக்கற நேரத்துல, எல்லாரும் வந்து பாருங்கன்னு அவர் நம்மளக் கூப்பிடறாருங்க. கம்பெனிக் கதவை இப்படித் திறந்து விடறதுக்கு ஒரு பெரிய மனசு வேணுமுங்க. அந்த மனசுக்கு என் நன்றி."

அவன் யாரையும் கூப்பிடவில்லை. முழு ஹாலும் கைதட்டியது. வர்ஷா, எனக்கு மத்தியானம்தான் ஃபிளைட், நான் கட்டாயம் வருகிறேன் என்றாள். செ. எழுந்தான். சிரித்தான். கை கூப்பினான். கூப்பிய கை கொஞ்ச நேரம் இறங்கவில்லை.

சாப்பாட்டு வரிசையில் என் பின்னால் வந்து நின்றான். "அக்கா இன்னும் அதே ஷார்ப்புங்க."

"பன்னீர் நல்லாருக்குதுங்க, எடுத்துக்கோங்க" என்றேன்.

கேரட் அல்வா சுமார். டீ ஷர்ட்டை அமுதாவிடம் கொடுத்துவிட்டேன், தரை துடைக்க.


அதே நாள், மத்தியானம்

ராத்திரி முழுக்க அந்த அறை காலியாக இருக்கும் காட்சியைத்தான் நினைத்து ருசித்திருந்தேன். பூட்டு, தூசி, தேடி ஓடும் ஹெச்.ஆர்.

அறை நிறையக் குழந்தைகள்.

வாசலிலேயே நின்றுவிட்டேன். பலூன். புதுப் பாய். வரிசையாக உட்கார்ந்து கைதட்டி இங்கிலீஷ் பாட்டு. டீ போடும் பெண் மடிப்புக் கலையாத சேலையில், ஆயா. வர்ஷா, கார்த்தி, ராமசாமி, இன்னும் சிலர், சில மனைவிமார். செ. எல்லாருக்கும் இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "வாங்க வாங்க, நம்ம சின்ன ஸ்டாஃப் எல்லாம் பாருங்க" என்றான்.

தோற்றேன் என்று நினைத்தேன். ஒரு நிமிடம். பிறகு கண் வேலை செய்யத் தொடங்கியது.

எல்லாக் காலிலும் ஷூ. வெள்ளை சாக்ஸ். எந்தச் செக்கிங் பெண்ணின் குழந்தை சாக்ஸ் போட்டுக்கொண்டு தொட்டில் ரூமுக்கு வரும்? அடுத்தது, எல்லார் இடது மார்பிலும் ஒரு ஊக்கு. வெறும் ஊக்கு. அடையாள அட்டையைக் கழற்றியவர்கள் ஊக்கைக் கழற்ற மறந்துவிட்டார்கள். ஒரு பெண் குழந்தையின் கன்னத்தில் நேற்றைய குழந்தைகள் தினத்துக்கு வரைந்த பட்டாம்பூச்சி, பாதி அழிந்து. செ.யின் மருமகள் காந்தி நகர்ப் பக்கம் பிளே ஸ்கூல் நடத்துகிறாள். ஒரு வேன் போதும்.

குனிந்து ஒரு பையனிடம் கேட்டேன். "உங்கம்மா எந்த செக்ஷன் கண்ணு? செக்கிங்கா, அயர்னிங்கா?"

"மை மம்மி டென்டிஸ்ட்."

செ. பையனின் தலையைத் தடவினான். "இவனுக்குக் கற்பனை ஜாஸ்திங்க."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எல்லாரும் இளநீரைப் பார்த்தார்கள். அப்போதுதான் புரிந்தது. அங்கே நின்றவர்களில் பலர் தங்கள் கம்பெனி ஆடிட்டுக்கும் குழந்தை இரவல் வாங்கியவர்கள். இவர்கள் முன்னால் அவனை அவமானப்படுத்த முடியாது. ஒரே வியாதி. வர்ஷா மட்டும் ஊக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொன்றாக.

அந்த நேரம் ஜெயராணி உள்ளே வந்தாள். இடுப்பில் மெர்சி, கையில் ஒரு டிபன் டப்பா, உடை மாற்றப் பழைய கவுன். நேராக ஆயாவிடம் போனாள்.

"எக்கா, இவ மெர்சி. நான் செக்கிங். பால் குடிக்க மாட்டா, இட்லி வச்சிருக்கேன்."

இறக்கிவிட்டுப் போய்விட்டாள். சொன்னபடி, ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை.

ஆயா செ.யைப் பார்த்தாள். செ. ஹெச்.ஆரைப் பார்த்தான். மெர்சி யாரையும் பார்க்கவில்லை. செருப்பில்லாத காலோடு நேராக மரக்குதிரைக்குப் போய், அதன் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்து, காதிலிருந்து வால்வரை கிழித்தாள். ஏறி உட்கார்ந்தாள். மற்ற குழந்தைகள் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

கிழிந்த உறையை வர்ஷா போனில் படம் எடுத்தாள். எடுத்துவிட்டு செ.யிடம், மிக மென்மையாக, இந்தக் குழந்தை தினமும் வருமா என்று கேட்டாள். தினமும், தினமும் என்றான்.

என் ரத்த அழுத்தம் இப்போது எவ்வளவு இருக்குமோ. பார்க்கவில்லை. மூன்று மணி நேரம் நன்றாகத் தூங்கினேன்.


நவம்பர் 16, ஞாயிறு

தெளிவான வானம். கோழிக் குழம்பு, அமுதா உப்பை மறந்தாள்.

பேப்பரின் உள்ளூர்ப் பதிப்பில் போட்டோ. "பொறுப்புள்ள வளர்ச்சிக்கு முன்மாதிரி." நடுவில் செ., சுற்றிலும் சாக்ஸ் போட்ட குழந்தைகள். ஓரத்தில் ஒரு கருநீலக் கரையும் முழங்கையும். அது நான். மெர்சி இல்லை, குதிரையும் இல்லை. முன்னாள் மாணவர் வாட்ஸ்அப்பில் ராமசாமிகூடக் கை கூப்பும் பொம்மை அனுப்பியிருக்கிறார். நான் அனுப்பவில்லை.

சர்ச்சிலிருந்து வந்த ஜெயராணி உடை மாற்றாமலேயே என் சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஹெச்.ஆர். காலையில் போன் செய்தாராம். நாளையிலிருந்து குழந்தையைக் கூட்டி வர வேண்டாம். ஆடிட் இருந்தால் சொல்லி அனுப்புவார்களாம். பிறகு, யார் சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்தாய் என்று கேட்டாராம்.

"நான் ஒங்க பேரச் சொல்லலம்மா."

சொல்லியிருக்க வேண்டும் என்றேன். கோபமாகவே சொல்லிவிட்டேன்.

"சொன்னா ஒங்கள என்ன செய்ய முடியும், ஒண்ணும் செய்ய முடியாது. எனக்குத்தான் எதாவது செய்வாங்க."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. மெர்சி வாசலில் குதிரை மாதிரி குதித்துக்கொண்டிருந்தாள். நாளைக்கும் குதிரைக்குப் போகலாம் என்று அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான்தான்.

இன்றைக்கு முழுக்க செ.யை மனதுக்குள் வைதேன். கான்வென்ட் வார்த்தைகள் தீர்ந்து, மார்க்கெட் வார்த்தைகளுக்கு வந்தேன். அவனுடைய கேடயம் உடைய வேண்டும். மருமகளின் பிளே ஸ்கூலில் பேன் பரவ வேண்டும். இதையெல்லாம் எழுதக் கூடாது என்று தெரியும். எழுதுகிறேன்.

சாயங்காலம் ஒரு முடிவு. ஜெயராணியிடம் கேட்டேன், நாளை மெர்சியை என்னிடம் கொடுப்பாயா என்று. "இங்க வச்சிக்கிடுதீங்களா?" என்றாள். இங்கே இல்லை என்றேன். பூட்டுச் சாவியைக் கையில் உருட்டினாள். பிறகு கவுனை மடித்துக் கொடுத்தாள்.


நவம்பர் 17, திங்கள்

மறுபடி தூறல். குடை, தெர்மாஸ், இட்லி, மாற்று கவுன், என் மாத்திரை, ஒரு பத்திரிகை.

எட்டரைக்கு செ. கம்பெனி. செக்யூரிட்டி என்னைத் தெரிந்தவர், பழைய ஆள், எழுந்து சல்யூட் வைத்தார். தொட்டில் ரூம் பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பலூன் எல்லாம் சுருங்கி. குதிரைக்குப் புது உறை.

புது உறை போட்டிருக்கிறான்.

நேராக ரிசப்ஷன். கண்ணாடிக் கதவு, குளிர், சோபா, சோபாவுக்கு மேலே சுவரில் அந்தக் கேடயம். கேடயத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தேன். பக்கத்தில் மெர்சி. ரிசப்ஷன் பெண் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். யாரையும் இல்லை, தொட்டில் ரூம் திறக்கும் வரை இருக்கிறோம் என்றேன். மெர்சி இட்லியைச் சோபாவில் தேய்த்தாள். நான் தடுக்கவில்லை. என் வாழ்க்கையில் முதல் முறை.

துணி சப்ளைக்காரர்கள், கூரியர், டெல்லிக்காரர் இருவர். எல்லாரும் குழந்தையைப் பார்த்து, கேடயத்தைப் பார்த்து, என்னைப் பார்த்தார்கள். ஒரு டெல்லிக்காரர் மெர்சிக்குச் சாக்லேட் கொடுத்து, "கிஸ்கி பச்சி ஹை?" என்றார். யார் குழந்தை என்று கேட்கிறார். "செக்கிங் செக்ஷன்" என்றேன்.

பதினோரு மணிவாக்கில் செ. இறங்கி வந்தான். பக்கத்தில் உட்கார்ந்தான். குரல் தழைந்திருந்தது.

"அக்கா, உங்க வயசுக்கு இது தேவைங்களா?"

"உங்க வயசும் என் வயசும் ஒண்ணுதானுங்க சென்னியப்பன். வகுப்புல பக்கத்து பெஞ்ச்."

"நாளன்னைக்கு ஆர்டர் குடுக்கற பையர் வர்றாங்க. இப்படி உக்காந்திருந்தா என்ன நினைப்பாங்க?"

"குழந்தை உக்காந்திருக்குதுன்னு நினைப்பாங்க. நாளன்னைக்கும் நாங்க வருவோமுங்க. வர்ஷாகிட்டயும் சொல்லிட்டேன். தினமும் போட்டோ அனுப்பச் சொன்னாங்க."

வர்ஷா அப்படிச் சொன்னது உண்மை. நேற்று ராத்திரி பேசினேன். அதிகம் பேசவில்லை அவள். போட்டோ போதும் என்றாள்.

செ. சுவரைப் பார்த்தான். கேடயத்தை அல்ல, பக்கத்துச் சுவரை. முதல் முறையாக அவனுக்கும் வயதாகிவிட்டது தெரிந்தது. அதில் எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று காத்திருந்து பார்த்தேன்.

"சரிங்கக்கா. திறந்துடறேன். நான் சொன்னா சொன்னதுதானுங்க. என் வாய்ச்சொல் போதாதுங்களா?"

"போன தடவை வாய்ச்சொல்தான் குடுத்தீங்க. என் காப்பியைக் குடிச்சுட்டு."

எழுந்து போய்விட்டான். போகும்போது மெர்சி அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து, "தாத்தா, குதிர" என்றாள். அவன் நின்றான். மத்தியானம் ஹெச்.ஆர். வந்து அறையைத் திறந்துவிட்டார், "இன்னைக்கு மட்டுமுங்க" என்று. மெர்சி புது உறையையும் கிழித்தாள்.

ஜெயராணியை யாரும் இன்று கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்தவள் குழந்தையின் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாயில் தூங்கிய கோடு இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதினேன். நாளைக் காலை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். நகல் வர்ஷாவுக்கு. இன்னொரு நகல் இங்கே:

திரு. சென்னியப்பன் அவர்களுக்கு. இன்று தங்கள் கம்பெனியின் தொட்டில் ரூம் ஒரு நாளுக்கு மட்டும் திறக்கப்பட்டது. தங்களிடம் வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளுக்காக அது வேலை நாள் ஒவ்வொன்றிலும் ஷிஃப்ட் தொடங்கும் முன் திறந்து, முடிந்த பின் மூடப்பட வேண்டும். டீ போடும் பெண்ணை அல்ல, ஒரு ஆயாவை நியமிக்க வேண்டும். குழந்தையைக் கூட்டி வந்ததற்காகச் செக்கிங் ஜெயராணிக்கோ வேறு எந்தப் பெண்ணுக்கோ வேலையில் எந்த இடைஞ்சலும் வரக் கூடாது. பதில் வரும் வரை நானும் மெர்சியும் தங்கள் ரிசப்ஷனில் இருப்போம். சம்மதமா இல்லையா என்பதைத் தங்கள் கையெழுத்துடன் எழுத்தில் தெரிவிக்கவும்.